படகில் ஓர் இடம்

அத்தியாயம் 14

‘நீயும் வாயேன் குட்டி’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் டம்ளரை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிற நேரம்கூட ஆகாது. அந்த நேரத்தில்தான் லிஃப்ட்காரர் போன வாரம் அதைச் சொல்லித் தொலைத்தார்.

சாப்பாட்டு மேசையில் அப்போது மூன்று பேர். லிஃப்ட் பழுது பார்க்கிற அவர், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவைக் கட்டி மேய்க்கிற அவர் மனைவி, அப்புறம் அவருடைய தங்கை. மகள் வெளியூரில் படிக்கிறாள். மனைவியை நாம் அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்த வீட்டில் இப்போது அதிகம் கேட்கிற சொல் அதுதான்.

அண்ணி ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த கப்பல் பயணம் அது. ஜன்னல் வைத்த கேபின், இரண்டு பேர், நாலு நாள் கடல், துவைக்க ஒரு துணி கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன தூரமெல்லாம் சொந்தக்காரர்களின் வீடு வரைக்கும்தான்.

குட்டி விவகாரம் உங்களுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டியும் குட்டி. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. புருஷன் வீடு மனை முடித்துத் தருகிற தரகர், பேச்சில் தேன் ஒழுகும். வேலைக்குக் கிளம்பும்போது ‘பத்திரமா இரு கண்ணு’ என்று கொஞ்சிவிட்டு அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். குட்டி மூன்று தடவை அந்த வீட்டை விட்டு வந்தாள். முதல் இரண்டு தடவையும் அவர் வந்து கூப்பிட, திரும்பிப் போனாள். மூன்றாம் தடவை வந்தவள் அண்ணன் வீட்டு ஹால் சோபாவில் படுத்துக்கொண்டு, கண்ணாடிக் கடையிலும் சேர்ந்துவிட்டாள்.

அண்ணன் கூப்பிட்டதும் குட்டி “சரிண்ணே” என்றாள். அண்ணி “ஆமா, நல்லதாப் போச்சு” என்றாள். மூன்று பேரில் ஒருவராவது மனசில் இருப்பதைச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயத்தையே எழுத வேண்டியிருந்திருக்காது.

இன்று காலை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அண்ணி பயண அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள்.

“ஏற்கெனவே போட்டிருக்கிற கேபின்ல இன்னொருத்தரைச் சேர்க்கணும்மா. என் நாத்தனார்.”

“பெரியவங்களா மேடம், குழந்தையா?”

“பெரியவதான்” என்றாள் அண்ணி. பேர்தான் குட்டி என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

“உங்க கேபின்ல மேலேர்ந்து இறக்கற படுக்கை ஒண்ணு இருக்கு மேடம். பிரச்சினை இல்லை. லைன்லயே இருங்க.”

காதில் ஏதோ சங்கீதம் ஓடியது. அண்ணி தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினாள். சும்மா நிற்க அவளுக்குத் தெரியாது. சும்மா நிற்கக் கற்றுக்கொள்ளத்தான் கப்பலே.

“மேடம், படுக்கை இருக்கு. ஆனா படகுல இடமில்லை.”

“படகா? கப்பல்னுதானேம்மா சொன்னீங்க?”

“உயிர்காப்புப் படகு மேடம். கப்பல்ல ஒவ்வொரு பகுதிக்கும் இன்ன படகுன்னு ஒதுக்கியிருப்பாங்க. ஏதாவது ஆபத்துன்னா அந்தப் பகுதிக்காரங்க எல்லாரும் அதுல ஏறணும். உங்க பகுதிப் படகு நிரம்பிடுச்சு. கேபின்ல கட்டில் சும்மா கிடந்தாலும், படகுல இடம் இல்லைன்னா ஆளைச் சேர்க்க முடியாது.”

“வேற கேபின்?”

“கப்பலே நிரம்பிடுச்சு மேடம். உங்களைக் காத்திருப்புல போடறேன். யாராவது வரலைன்னா நானே கூப்பிடறேன். ஆனா சாயங்காலம் ஆபீஸ் மூடறப்போ பெயர்ப் பட்டியலையும் மூடிடுவோம்.”

ஃபோனை வைத்ததும் அண்ணிக்கு முதலில் வந்தது ‘அப்பாடா’. அதன் பின்னாலேயே வந்தது ‘சீ, என்ன ஜென்மம் நான்’. இரண்டையும் முழுங்கிவிட்டு ஹாலுக்குப் போனாள்.

குட்டி தரையில் உட்கார்ந்து, பழைய பை ஒன்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, மேல் கட்டில்னா நான் ஏறிக்கறேன். எனக்குக் குறட்டையும் கிடையாது. நான் இருக்கறதே உங்களுக்குத் தெரியாது, பாருங்களேன்.”

இத்தனை மாதமாக அவள் இந்த வீட்டில் செய்துகொண்டிருப்பதும் அதைத்தான். இருப்பது தெரியாமல் இருக்கப் பார்க்கிறாள். அப்படி இருப்பவர்கள்தான் நாள் முழுக்கக் கண்ணிலேயே நிற்கிறார்கள்.

அண்ணி படகு விஷயத்தைச் சொன்னாள்.

“அடேயப்பா” என்றாள் குட்டி. “கிளம்பறதுக்கு முன்னாடியே முழுகினா யார் யார் பிழைக்கணும்னு கணக்குப் போட்டு வச்சிட்டாங்களா?”

“யாராவது வரலைன்னா கூப்பிடுவாங்களாம்.”

“யாராவது வராம போகணும்னு நினைக்கவும் பாவமா இருக்கு” என்று சிரித்தாள். ஆனால் பையைத் துடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே வேறு கூத்து. சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளுத்த விரிப்புகளை வார்டுகளுக்கு ஏற்றுகிற லிஃப்ட் படுத்துவிட்டது. தள்ளுவண்டிகள் நடைபாதை நெடுக வரிசை கட்டி நின்றன. மேலேயிருந்து நர்ஸுகள் மாற்றி மாற்றி ஃபோன் செய்தார்கள்.

“விரிப்பு எங்கே?”

“வருது.”

“தலையணை உறை எங்கே?”

“வருது.”

“எப்படி வருது?”

“நடந்து வருதும்மா” என்றாள் அண்ணி. ஆட்கள் மூட்டை கட்டித் தலையில் வைத்து மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் இரண்டு நடை ஏறி இறங்கினாள்.

மதியம் வாக்கில் லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தாயிற்று என்றார்கள். போய்ப் பார்த்தால் அவள் வீட்டுக்காரர். கதவைத் திறந்து போட்டுவிட்டு, லிஃப்டுக்குக் கீழே இருக்கிற குழிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார். தலை மட்டும் தரை மட்டத்துக்கு மேலே தெரிந்தது. உச்சியில் முடி இவ்வளவு கொட்டிவிட்டதா? வீட்டில் அவரை இந்தக் கோணத்தில் அவள் பார்த்ததே இல்லை.

“வண்டி ரெண்டையும் ஏத்தி, கூட ஆளும் ஏறியிருக்காங்க” என்று குழிக்குள்ளிருந்து திட்டினார். “எத்தனை பேர் ஏறலாம்னு உள்ளேயே எழுதி ஒட்டியிருக்கு. எவன் படிக்கறான்? கத்துது கத்துதுன்னு எச்சரிக்கை மணியை வேற அமுக்கி வச்சிருக்காங்க.”

அண்ணி காலியான தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தோம் என்று தெரிந்தது. படகு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் மறுபேச்சே பேசவில்லை. வாழ்நாளெல்லாம் ‘இதுக்கு மேல ஏறாதீங்க’ என்று ஊராரோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். “அது சரிதான். ஏத்தக் கூடாதுன்னா ஏத்தக் கூடாது” என்றார்.

அண்ணிக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவர் கெடுத்தார்.

“அப்ப ஒண்ணு செய். என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுடு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது. ஒரு வருஷமாக அவள் ராத்திரிகளில் நினைத்து நினைத்துத் தூங்கிப்போன விஷயத்தை, பழைய ஸ்க்ரூவைத் தூக்கிப் போடுவதுபோல் போட்டுவிட்டாரே.

“என்கூட வர்றது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா?”

“அப்படியில்லை.”

“பின்னே எப்படி?”

குழிக்குள் ஏதோ முறுக்கும் சத்தம் கேட்டது.

“கேக்கறேன் இல்ல?”

“அந்த சின்ன ஸ்பானரை எடு.”

எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, முகத்தைக் காட்டாமலே பேசினார். முகத்தைப் பார்த்தபடி பேசியிருந்தால் இந்த ஜென்மத்தில் வெளியே வந்திருக்காது.

“நாலு நாளு. ஒரு ரூம்ல நீயும் நானும் மட்டும். கம்பெனியிலேர்ந்து ஃபோன் வராது, பொண்ணு இல்லை. என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. நெஜமாவே யோசிச்சுப் பார்த்தேன். என் லிஃப்ட்டு, உன் துணி, பொண்ணோட பரிட்சை. எல்லாம் மொத நாளே தீர்ந்துடும். அப்புறம் நீ என்னைப் பார்த்து, ‘இந்த ஆள்கூடவா இத்தனை வருஷம் ஓட்டினோம்’னு நெனச்சிட்டா?”

குழிக்குள்ளிருந்து ஸ்பானர் மட்டும் மேலே வந்தது, அண்ணி வாங்கிக்கொண்டாள்.

“அதுக்குத்தான் குட்டியைக் கூப்பிட்டேன். மூணு பேர்னா பேச்சு தானா ஓடும்.”

“அவமேல பாவப்பட்டுக் கூப்பிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்.”

“பயந்துதான் கூப்பிட்டேன்” என்றார் லிஃப்ட்காரர்.

மேலே ஏதோ மாடியில் யாரோ பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே. இந்த மனுஷன் இப்படி ஒரு பயத்தை வைத்துக்கொண்டு நம் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாரே என்றுதான் இருந்தது.

“எனக்குப் பேசவே வேண்டாங்க” என்றாள். “காலையிலேர்ந்து பேசிட்டுத்தான் இருக்கேன். வருது, வருதுன்னு தொண்டை வறண்டு போச்சு. ஜன்னலோரம் உக்காந்து தண்ணியைப் பார்க்கணும். பக்கத்துல நீங்க இருக்கணும். தூக்கம் வந்தா தூங்கணும். அவ்வளவுதான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அது என்னால முடியும்னு நெனக்கிறேன்” என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சேர்ந்து சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணியின் ஃபோன் அடித்தது.

“மேடம், உங்களுக்கு யோகம். உங்க பகுதியில ஒருத்தர் வரலையாம். படகுல ஒரு இடம் காலி. நாத்தனார் பேரைச் சொல்லுங்க, சேர்த்துடறேன்.”

லிஃப்ட்காரருக்கும் அது கேட்டது. அவர் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. நீ பார்த்துச் செய் என்கிற முகம். இத்தனை வருஷமாக எல்லாவற்றுக்கும் அந்த முகம்தான்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பையைத் துடைத்துக்கொண்டிருந்த குட்டி தெரிந்தாள். எதிரே கிரீஸ் அப்பின நெற்றி.

“வேண்டாம்மா” என்றாள். “நாங்க ரெண்டு பேர்தான்.”

“நிச்சயமா மேடம்? காத்திருப்புல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. மனசு மாறினா மூடறதுக்குள்ள சொல்லுங்க.”

“மாறாது.”

ஃபோனை வைத்த பிறகுதான் லிஃப்ட்காரருக்கு வாய் வந்தது. “குட்டிகிட்ட படகு நெறைஞ்சிடுச்சுன்னே சொல்லிடு. காலையில நெறைஞ்சுதானே இருந்துச்சு. பாதி நெஜம்.”

“நீங்க சொல்லுங்களேன். உங்க தங்கச்சிதானே?”

“எனக்கு இன்னைக்கு வேலை இழுத்துடும் போல இருக்கே” என்றபடி மறுபடி குழிக்குள் தலையை விட்டுக்கொண்டார். பூனைக்கு மணி கட்டுகிற வேலை என்று வந்தால் இந்த வீட்டில் யார் கட்டுவார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு நடந்தே வந்தாள். பஸ்ஸில் நெரிபடத் தெம்பில்லை. வழியெல்லாம் அந்தப் பாதி நிஜத்தைச் சொல்லிப் பார்த்தாள். ‘இல்லைன்னுட்டாங்க குட்டி.’ ‘நிரம்பிடுச்சாம் குட்டி.’ எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யைச் சொன்னால் மட்டும் போதாது. அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். ஊரார் அழுக்கையும் துவைத்து, வீட்டையும் பார்த்து, ஒரு பொய்யையும் வளர்க்க அவளால் முடியாது.

குட்டி டீ போட்டு மூடி வைத்திருந்தாள். சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை.

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “குட்டி, இடம் கெடைச்சுது.”

குட்டியின் முகம் பூவாய் மலர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

“நான்தான் வேண்டாம்னுட்டேன். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கண்ணனும் நானும் ஒரு ரூம்ல தனியா உக்காந்து பல வருஷமாச்சு. அந்த நாலு நாளு எனக்கு வேணும். படகு நெறைஞ்சிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரலை.”

குட்டி பையைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்து போய் டீயை ஊற்றிக்கொண்டு வந்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

“நியாயம்தான் அண்ணி. எங்கிட்ட இந்த மாதிரி நேருக்கு நேர் யாரும் பேசிப் பல நாளாச்சு.” உட்கார்ந்தாள். “நீங்க உள்ளதைச் சொல்லிட்டீங்க. நானும் சொல்லிடறேன். எனக்குக் கப்பல் ஆசையெல்லாம் இல்லை. தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும்.”

“பின்னே எதுக்கு?”

“என் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார்.”

அண்ணி டீயைக் கீழே வைத்தாள்.

“அண்ணன் என்னைக் கூப்பிட்டாரே, அதுக்கு முந்தின நாள். கண்ணு மங்கலா இருக்குன்னு எல்லாரையும் போல சீட்டு வாங்கிட்டு வந்து உக்காந்துட்டார். கடையில மத்தவங்க இருக்காங்க, நான் என்ன பண்ண? லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இப்ப தெரியுதா, இப்ப தெரியுதான்னு கேட்டேன். ‘நீதான் தெரியறே’ங்கறார்.”

“மிரட்டினாரா?”

“மிரட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அழுதார் அண்ணி.” குட்டி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணனும் அண்ணியும் கப்பல்ல போறாங்கன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். அவங்க இல்லாதப்போ வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்.”

“வந்தா வரட்டும். கதவைத் திறக்காதே.”

“திறப்பேன் அண்ணி.”

செருப்பைக் கழற்றக் குனிந்த அண்ணி நிமிர்ந்தாள்.

“திறக்க மாட்டேன்னு சொல்ல ஆசைதான். ஆனா என்னைப் பத்தி எனக்குத் தெரியுமே. நீங்க யாராவது வீட்டுல இருந்தா திறக்க மாட்டேன். தனியா இருந்தா, அந்தக் குரல் வெளியில நின்னு ‘கண்ணு’ன்னு கூப்பிட்டா, திறந்துடுவேன். மறுபடி உள்ளே போட்டுப் பூட்டிடுவார்னு தெரிஞ்சேதான் திறப்பேன். கடல் நடுவுல இருந்தா எப்படித் திறக்க முடியும்? அதான் அண்ணன் கேட்டதும் சரின்னுட்டேன்.”

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஃபோனை எடுத்தாள்.

குட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் அண்ணி. உங்க நாலு நாளை எனக்குத் தூக்கிக் குடுத்துடாதீங்க. அந்தப் பாரத்தை வேற நான் சுமக்கணுமா?”

“சும்மா இரு. உனக்காக ஒண்ணும் இல்லை. ஜன்னல் பக்கம் உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டு, நாலு நாளும் இந்த வீட்டுக் கதவையே நெனச்சிட்டிருக்க என்னால முடியாது. எனக்கு அலுப்பா இருக்குடி. விடு கையை.”

எண்ணைப் போட்டாள். மணி அடித்தது.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. வேலை இழுத்துவிடும் என்ற லிஃப்ட்காரர் வெளிச்சம் இருக்கும்போதே வந்து நின்றார். முகம் கழுவி, தலை வாரியிருந்தார். கையில் இரண்டு வெயில் தொப்பிகள், ஒன்று அகலமாக, ஒன்று குறுகலாக. கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் எதையும் வாங்கி வந்தவர் இல்லை அவர்.

“கடல்ல வெயில் சுள்ளுனு அடிக்குமாமே” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. “உனக்குச் சரியா இருக்கான்னு போட்டுப் பாரு. நாம வெளியில உக்காரணும்னா வேணும்ல. சும்மா உக்கார்றதுக்கு.”

“சொல்லுங்க மேடம்” என்றது ஃபோன். “இப்பதான் மூட எடுத்தேன்.”

அண்ணி தொப்பிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அந்த இடத்துல அவளைச் சேர்த்துக்கோங்கம்மா” என்றாள். “நாங்க மூணு பேர்.”

லிஃப்ட்காரரின் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. மத்தியானம் மனைவியோடு தனியாக இருக்கப் பயந்த அதே மனுஷன்தான். தொப்பிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், தூங்கி எழுந்த பிள்ளைபோல நின்றார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னோடு தனியாக இருக்க முடியவில்லையே என்று இந்த மனுஷன் ஒரு தடவையாவது வாட மாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். இன்றுதான் வாடினார். வாட வைத்ததும் அவளேதான்.

“மேடம், நாத்தனார் பேரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது ஃபோன்.